மாசக் கடைசியில் கைகொடுக்கும் அரிசிம்பருப்பு: ஒரே குக்கர், 50 ரூபாய், மூணு பேருக்குச் சாப்பாடு!

மாசம் 26-ம் தேதி. அக்கவுன்ட்டில் இருப்பது சில நூறு ரூபாய். ஃபிரிட்ஜைத் திறந்தால் ரெண்டு தக்காளி, பாதி வாடிப்போன கொத்தமல்லி, யாரோ வாங்கி வைத்த தயிர். உங்களுக்கும் பசி, ரூம்மேட்டுக்கும் பசி. ஃபுட் ஆப்பில் ஒரு ஃப்ரைடு ரைஸைத் தொட்டால் பேக்கிங் சார்ஜ், டெலிவரி சார்ஜ், ஜி.எஸ்.டி என்று கடைசியில் வந்து நிற்கும் தொகையைப் பார்த்தே பாதிப் பசி போய்விடுகிறது.

இப்படிப்பட்ட நாளுக்கென்றே கொங்கு வீடுகளில் ஒரு சாப்பாடு உண்டு. பெயர் அரிசிம்பருப்பு. பேப்பரில் எழுதினால் 'அரிசி பருப்பு சாதம்'. வாயால் சொல்லும்போது 'அரிசிம்பருப்புச் சோறு'. ஈரோடு, கோவை, திருப்பூர், கரூர், நாமக்கல், சேலம் பக்கம் பிறந்தவர்களிடம் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வரும். அம்மா வேலைக்குப் போய் லேட்டாக வந்த நாள், காய்கறிச் சந்தைக்கு முந்தின நாள், ஊருக்குப் போய்விட்டு ராத்திரி வீடு திரும்பிய நாள்... இந்த நாள்களில் எல்லாம் குக்கரில் இருந்தது இதுதான்.

இது ஏன் இவ்வளவு சீப், ஏன் இவ்வளவு ருசி, ஏன் சிலருக்கு மட்டும் பருப்பு வேகாமல் பல்லில் தட்டுகிறது, கால் கிலோ கொத்துக்கறி கிடைத்தால் இதையே எப்படி விருந்தாக மாற்றலாம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வயலும் மேட்டுக்காடும் ஒரே பாத்திரத்தில்

நாமக்கல் மாவட்டம் பரமத்தி வேலூர் பக்கம், காவிரிக் கரையில் இருக்கிறது ஜேடர்பாளையம். வெளியூர்க்காரர்களுக்கு அந்த ஊர் என்றால் படுகை அணை, அண்ணா பூங்கா, அணைப் பக்கம் சுடச்சுடப் பொரித்துத் தரும் மீன். ஞாயிற்றுக்கிழமை பைக் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் அதோடு திரும்பிவிடுவார்கள். அந்தப் பக்கத்து விவசாயிக்கு அணையைவிட முக்கியம், அங்கிருந்து பிரிகிற ராஜா வாய்க்கால். அந்தத் தண்ணீர் பாய்கிற பக்கமெல்லாம் நெல், கரும்பு, வாழை, வெற்றிலைக் கொடிக்கால். பக்கத்து பிலிக்கல்பாளையத்தில் வெல்ல ஏலச் சந்தையே நடக்கிறது என்றால், கரும்பு எவ்வளவு விளையும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வாய்க்கால் தண்ணீர் ஏறாத மேட்டுக்காட்டுக்குப் போனால் காட்சி மாறிவிடும். அங்கே மழையை நம்பி சோளம், நிலக்கடலை, நடுநடுவே துவரை. துவரைச் செடி ஆழமாக வேர் விடும். மழை கொஞ்சம் ஏமாற்றினாலும் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் மானாவாரிக் காட்டில் கடலையோடு சேர்த்து ரெண்டு வரிசை துவரையும் போட்டு வைப்பார்கள்.

இப்போது தட்டைப் பாருங்கள். அரிசி வாய்க்கால் பக்கத்து வயலில் இருந்து வருகிறது. பருப்பும், தாளிக்கிற கடலெண்ணெயும் மேட்டுக்காட்டில் இருந்து வருகின்றன. ரெண்டு நிலத்து விளைச்சலும் ஒரே பாத்திரத்தில் வேகிற சாப்பாடு இது.

தாத்தா காலத்து மானாவாரி வீடுகளில் கம்பும் சோளமும் ராகியும் சாமையும்தான் தினசரி. நெல்லுச்சோறு விசேஷ நாள் சமாச்சாரம். அப்படிப்பட்ட வீடுகளில் அரிசி இருந்த இடத்தில் சாமையைப் போட்டு, அதே பருப்பு, அதே தாளிப்பு. சாமை அரிசிம்பருப்பு இன்றைக்கும் உண்டு. இப்போது சிறுதானிய ஹோட்டலில் அதையே சாப்பிட்டால் பில் மட்டும் வேறு லெவலில் இருக்கும்!

50 ரூபாய்க் கணக்கு

சும்மா சீப் என்று சொன்னால் போதாது, கணக்குப் போட்டுவிடுவோம். மூணு பேர் வயிறாரச் சாப்பிட 200 கிராம் அரிசியும் 75 கிராம் துவரம் பருப்பும் போதும். கடையில் அரிசி கிலோ 60 ரூபாய், பருப்பு கிலோ 160 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அரிசிக்கு 12, பருப்புக்கு 12. சின்ன வெங்காயத்துக்கு 8, தக்காளிக்கு 5, எண்ணெய்க்கு 6, பூண்டு, மிளகாய், சீரகம், மிளகு எல்லாம் சேர்த்து 7. மொத்தம் 50 ரூபாய். தட்டுக்குச் சுமார் 17 ரூபாய். உங்கள் ஏரியாவில் விலை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். அப்படியே இருந்தாலும் ஒரு காபி ஷாப் காபிக்குக்கூட வராது.

வீட்டில் ரேஷன் கார்டு இருந்தால் இன்னும் குறையும். தமிழ்நாட்டில் அரிசி கார்டுக்கு 2011 ஜூன் மாதத்தில் இருந்து ரேஷன் அரிசி இலவசம். 2007-ல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கிறது. அந்த விலையில் 75 கிராம் பருப்பு ரெண்டே கால் ரூபாய். எண்ணெய் ஒரு ரூபாய்கூட இல்லை. வெங்காயம், தக்காளி, மசாலா சாமான் செலவையும் சேர்த்தால் மொத்தமே 23 ரூபாய். தட்டுக்கு எட்டு ரூபாய்!

"ரேஷன் அரிசியா..?" என்று இழுக்காதீர்கள். வெள்ளைச் சோறாக வடித்து, மேலே ரசம் ஊற்றும்போது அந்த அரிசியின் வாசம் சிலருக்குப் பிடிக்காது. அரிசிம்பருப்பில் பூண்டும் சீரகமும் மிளகும் சேர்ந்து அதைச் சரிக்கட்டிவிடும். நாலைந்து தடவை நன்றாகக் கழுவி, அரை மணி நேரம் ஊற வையுங்கள். அவ்வளவுதான்.

கழுவும்போது ஒரு விஷயம். அரிசியில் அங்கங்கே சில மணிகள் கொஞ்சம் வேறு நிறமாக இருக்கும், தண்ணீரில் மிதக்கும். 'பிளாஸ்டிக் அரிசி' என்று வாட்ஸ்அப்பில் வீடியோ சுற்றுவது இந்த மணிகளைப் பார்த்துத்தான். உண்மையில் அவை செறிவூட்டப்பட்ட அரிசி மணிகள். அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் ஆசிட், வைட்டமின் பி12 சேர்த்து, அரிசி வடிவத்திலேயே செய்து, 100 மணிக்கு ஒரு மணி என்ற கணக்கில் கலக்கிறார்கள். பொறுக்கி வெளியே போட்டுவிடாதீர்கள்.

சாதம் + பருப்பு: சத்துக் கணக்கு

'சோறு சாப்பிட்டால் கார்ப், புரோட்டீன் எங்கே?' என்று ஜிம் நண்பர் கேட்பார். பதில் இதோ. புரதம் என்பது அமினோ அமிலங்களின் கூட்டு. அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது நிறைய இருக்கிறது. பருப்பில் மெத்தியோனின் குறைவு. அரிசியில் அது தேவைக்கு இருக்கிறது. ஒன்றின் குறையை இன்னொன்று நிரப்பிவிடும்.

200 கிராம் அரிசியில் சுமார் 14 கிராம் புரதம். 75 கிராம் துவரம் பருப்பில் சுமார் 16 கிராம். ஆக, அளவில் மூணில் ஒரு பங்குகூட இல்லாத பருப்புதான் பாதிக்கு மேல் புரதத்தைக் கொடுக்கிறது. மூணு தட்டுக்குப் பிரித்தால் ஆளுக்கு 10 கிராம். பக்கத்தில் ஒரு அவித்த முட்டை வைத்தால் இன்னொரு 6 கிராம். முட்டைக்கே பேர் போன நாமக்கல் மாவட்டத்தின் சாப்பாட்டுக்கு முட்டை சேர்ப்பதில் என்ன தப்பு?

செய்வோமா?

வீட்டுக்குப் போன் போட்டு அளவு கேட்டுப் பாருங்கள். "அரிசி ஒரு டம்ளர் போட்டீன்னா பருப்பு ஒரு கைப்பிடி போடு கண்ணு, தண்ணி பார்த்து ஊத்து" என்பார்கள். அவர்களுக்கு அது பழகிய கை. நமக்கு அந்தக் 'கைப்பிடி'யும் 'பார்த்து'ம்தான் பிரச்னை. அதனால் டம்ளர் கணக்கில் சொல்கிறேன். எந்த டம்ளர் என்பது முக்கியமில்லை. எல்லாவற்றுக்கும் அதே டம்ளராக இருக்க வேண்டும், அதுதான் விஷயம்.

தேவையானவை (மூணு பேருக்கு):

- புழுங்கல் அரிசி: 1 டம்ளர் (சுமார் 200 கிராம்)
- துவரம் பருப்பு: டம்ளரில் மூணில் ஒரு பங்கு
- தண்ணீர்: மூன்றரை டம்ளர்
- சின்ன வெங்காயம்: 15
- பூண்டு: 8 பல்
- தக்காளி: 1 பெரியது
- வரமிளகாய்: 3
- கடுகு: அரை ஸ்பூன்
- சீரகம்: 1 ஸ்பூன்
- மிளகு: அரை ஸ்பூன், ஒன்றிரண்டாகத் தட்டியது
- மஞ்சள்தூள்: கால் ஸ்பூன்
- சாம்பார் பொடி: 1 ஸ்பூன்
- கடலெண்ணெய்: 2 டேபிள் ஸ்பூன்
- கறிவேப்பிலை, கொத்தமல்லி, பெருங்காயம், உப்பு
- கடைசியில் நெய்: 1 ஸ்பூன் (இருந்தால்)

1. அரிசியையும் பருப்பையும் ஒன்றாகக் கழுவி அரை மணி நேரம் ஊற வையுங்கள். அவசரம் என்றாலும் 15 நிமிடத்துக்குக் குறையாதீர்கள்.

2. குக்கரிலேயே எண்ணெய் ஊற்றுங்கள். காய்ந்ததும் கடுகு. வெடித்ததும் சீரகம், மிளகு, வரமிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை. சீரகம் கருகக் கூடாது.

3. பூண்டும் சின்ன வெங்காயமும் போட்டு, மிதமான தீயில் வெங்காயத்தின் ஓரம் பொன்னிறம் ஆகும்வரை வதக்குங்கள். அஞ்சு நிமிடம் ஆகும். இந்த அஞ்சு நிமிடத்தை மட்டும் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். காய் இல்லாத, கறி இல்லாத சாப்பாடு இது. மொத்த ருசியும் இந்த வதக்கலில்தான் இருக்கிறது.

4. தக்காளி, மஞ்சள்தூள், சாம்பார் பொடி. தக்காளி குழைந்ததும் தண்ணீரை ஊற்றி, உப்புப் போட்டுக் கொதிக்க விடுங்கள். இப்போதே ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். அரிசியும் பருப்பும் உப்பை இழுக்கும். அதனால் இந்தத் தண்ணீர் ஒரு பங்கு உப்புக் கூடுதலாகவே தெரிய வேண்டும்.

5. ஊறிய அரிசி, பருப்பை நீர் வடித்துப் போடுங்கள். கரண்டியால் அடியை நன்றாகச் சுரண்டி விட்டு மூடுங்கள். மிதமான தீயில் நாலு விசில். பச்சரிசி என்றால் தண்ணீர் மூணு டம்ளர், மூணு விசில் போதும்.

6. அடுப்பை அணைத்துவிட்டு, பிரஷர் தானாக அடங்கும்வரை கையை வைக்காதீர்கள். திறந்து நெய், கொத்தமல்லி போட்டு மெதுவாகக் கிளறுங்கள்.

திறந்தவுடனே கொஞ்சம் தளர்வாகத் தெரியும். பயப்பட வேண்டாம். பத்து நிமிடத்தில் இறுகி, பொங்கலுக்கும் உதிரிச் சாதத்துக்கும் நடுவே ஒரு பதத்துக்கு வந்துவிடும். அதுதான் சரியான பதம்.

பருப்பு வேகலையா? தண்ணீரைச் சந்தேகப்படுங்கள்

'எல்லாம் சரியாகத்தான் செய்தேன், சோறு குழைந்துவிட்டது, பருப்பு மட்டும் அப்படியே இருக்கிறது' என்பது ரூமில் சமைக்கிறவர்களின் நிரந்தரப் புலம்பல். காரணங்கள் மூன்று.

முதலாவது, போர் தண்ணீர். உப்புத் தண்ணீர் என்று நாம் சொல்கிற கடினத் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம். பருப்பின் செல்களை ஒட்டி வைத்திருக்கும் பெக்டின் என்ற பொருளை இந்தக் கால்சியம் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு விசில் விட்டாலும் பருப்பு சரியாகக் கரையாது. ஊற வைக்கவும் சமைக்கவும் குடிக்கிற கேன் தண்ணீரைப் பயன்படுத்திப் பாருங்கள். வித்தியாசம் அன்றைக்கே தெரியும்.

இரண்டாவது, புளிப்பு. அமிலமும் பருப்பு வேகும் வேகத்தைக் குறைக்கும். ஒரு தக்காளி பிரச்னை இல்லை. ருசிக்கு என்று மூணு தக்காளியும் புளித்தண்ணீரும் முதலிலேயே சேர்த்தால் பருப்பு அடம்பிடிக்கும். புளிப்பு வேண்டுமென்றால் கடைசியில் எலுமிச்சை பிழியலாம்.

மூன்றாவது, பழைய பருப்பு. மாசக்கணக்கில் டப்பாவில் கிடந்த பருப்பு வேக நேரம் எடுக்கும். அதை மட்டும் தனியாக ஒரு மணி நேரம் முன்பே ஊறப் போடுங்கள்.

இன்னொரு பொதுவான தொல்லை, அடிப்பிடித்தல். மசாலா அடியில் ஒட்டி இருக்கும்போதே மூடிவிட்டால், அதன்மேல் பருப்பு போய் உட்கார்ந்து கருகும். மூடுவதற்கு முன் அடியைச் சுரண்டச் சொன்னது அதற்குத்தான். பெரிய தீயும் வேண்டாம். குக்கருக்குள் பிரஷர் ஏறினால் தண்ணீர் 100 டிகிரிக்குப் பதில் 120 டிகிரி செல்சியஸ் அளவில் கொதிக்கும். பருப்பு சீக்கிரம் வேகக் காரணம் அந்த 20 டிகிரிதான். அந்தச் சூட்டைத் தக்க வைக்க மிதமான தீயே போதும்.

குக்கர் இல்லையா?

ஹாஸ்டலில், பி.ஜி-யில் எலெக்ட்ரிக் ரைஸ் குக்கர்தான் கதி என்றால் துவரம் பருப்புக்குப் பதில் பாசிப்பருப்பு எடுத்துக்கொள்ளுங்கள். அது பிரஷர் இல்லாமலேயே வெந்துவிடும். ரைஸ் குக்கர் பாத்திரத்திலேயே எண்ணெய் விட்டு, 'குக்' பட்டனை அழுத்தித் தாளித்துவிடலாம். கொஞ்சம் நேரம் பிடிக்கும், ஆனால் வேலை நடக்கும். துவரம் பருப்புதான் வேண்டும் என்றால் ரெண்டு மணி நேரம் ஊற வையுங்கள், அரை டம்ளர் தண்ணீர் கூடச் சேருங்கள்.

சின்ன வெங்காயம் விலை எகிறினால் பெரிய வெங்காயம் ஒன்று போதும். ருசி கொஞ்சம் குறையும், குடி முழுகாது. சாம்பார் பொடி இல்லையா? மிளகாய்த்தூள் அரை ஸ்பூன், மல்லித்தூள் ஒரு ஸ்பூன். தேங்காய் ஒரு மூடி கிடந்தால் ரெண்டு ஸ்பூன் துருவல் சேருங்கள். சில வீடுகளில் அது கட்டாயம். சில வீடுகளில் மிளகு, சீரகம், பூண்டை ஒன்றாகத் தட்டிப் போடுவார்கள். சில வீடுகளில் தூளே கிடையாது, மிளகுக் காரம் மட்டும். எது ஒரிஜினல் என்று சண்டை போட்டால் கொங்கு நாட்டில் சம்பந்திகள் பேச்சுவார்த்தையே முறிந்துவிடும். அவரவர் வீட்டு ருசிதான் அவரவருக்கு ஒரிஜினல்.

கால் கிலோ கொத்துக்கறி, நாலு பேருக்கு விருந்து

இந்தச் சாப்பாட்டின் சூத்திரம் உங்களுக்குப் பிடிபட்டிருக்கும். விலை கூடுதலான பொருள் கொஞ்சம், வயிறு நிரப்பும் பொருள் நிறைய, ருசிக்குத் தாளிப்பு. உலகம் முழுக்க அளவான வருமானத்தில் குடும்பம் நடத்தியவர்கள் எல்லோரும் இதைத்தான் செய்திருக்கிறார்கள்.

அமெரிக்க வீடுகளில் 'கேசரோல்' என்று ஒன்று உண்டு. அரைத்த மாட்டுக்கறி கொஞ்சம், அதோடு நூடுல்ஸோ உருளைக்கிழங்கோ நிறைய, மேலே ஒரு டின் சூப், எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் அவனில் வைத்து எடுப்பார்கள். அரைக் கிலோ கறியில் ஒரு குடும்பமே சாப்பிடலாம். இதே யோசனையை 1971-ல் 'ஹாம்பர்கர் ஹெல்ப்பர்' என்ற பெயரில் ஜெனரல் மில்ஸ் கம்பெனி பாக்கெட்டில் அடைத்து விற்றது. அங்கே வளர்ந்தவர்களிடம் 'அம்மா சமையல்' என்று கேட்டால் பலர் நட்சத்திர ஹோட்டல் ஐட்டத்தைச் சொல்ல மாட்டார்கள், இந்தக் கேசரோலைத்தான் சொல்வார்கள்.

நம் ஊரில் அந்த இடத்துக்கு வரக்கூடியது கொத்துக்கறி போட்ட அரிசிம்பருப்பு. நாமக்கல் மாவட்டத்தின் இன்னொரு மூலையில் இருக்கும் பள்ளிபாளையம் ஊர், சிக்கன் வறுவலுக்குப் பேர் வாங்கியது. விதை நீக்கிய வரமிளகாய், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய், அவ்வளவுதான் அதன் ரகசியம். கரம் மசாலாத் தூளெல்லாம் கிடையாது. அந்த முறையையே இங்கே கடன் வாங்கிக்கொள்வோம்.

கால் கிலோ கொத்துக்கறி போதும். மட்டன் வாங்க பட்ஜெட் இடம் கொடுத்தால் மட்டன். இல்லையென்றால் சிக்கன். உங்கள் வீட்டில் மாட்டுக்கறி சமைப்பார்கள் என்றால் விலையிலும் ருசியிலும் அதற்கு ஈடில்லை. கறியைச் சல்லடையில் போட்டுக் கழுவி, தண்ணீரை நன்றாக வடித்துவிடுங்கள்.

வெங்காயம், பூண்டு வதங்கியதும், விதை நீக்கிய வரமிளகாய் ஆறு, ஒரு கைப்பிடி தேங்காய்ப் பல், கொத்துக்கறி, மஞ்சள்தூள், கொஞ்சம் உப்புச் சேர்த்துத் தீயைக் கூட்டி வதக்குங்கள். கறி முதலில் தண்ணீர் விடும். அந்தத் தண்ணீர் சுண்டி, எண்ணெய் பிரிந்து, கறி 'சுர்ர்' என்று சத்தம் போட ஆரம்பிக்கும். அதுவரை பொறுமை. எட்டு நிமிடம் ஆகலாம். மட்டன் என்றால் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி முதலில் மூணு விசில், மாட்டுக்கறி என்றால் அஞ்சு விசில் தனியாக விட்டுவிடுங்கள். சிக்கனுக்கு அது தேவையில்லை. அதற்குப் பிறகு தக்காளி, தண்ணீர், அரிசி, பருப்பு. கறி வேகவைத்த தண்ணீரையும் கணக்கில் சேர்த்து அளவு பாருங்கள்.

அரிசியை ஒன்றரை டம்ளராகவும், பருப்பை அரை டம்ளராகவும் உயர்த்திக்கொண்டால் நாலு பேர் தாராளமாகச் சாப்பிடலாம். தண்ணீர் ஐந்தேகால் டம்ளர். வறுவலாகச் செய்தால் ரெண்டு பேருக்கே பத்தாத கால் கிலோ கறி, இங்கே ஒவ்வொரு வாயிலும் தட்டுப்படும்.

ஒரு எச்சரிக்கை. கொத்திய கறி முழுத் துண்டைவிடச் சீக்கிரம் கெடும். காற்றுப்படும் இடம் அதிகம் என்பதால் கிருமிக்கும் இடம் அதிகம். வாங்கிய அன்றே சமைத்துவிடுங்கள்.

சைவமா? மீல்மேக்கரை வெந்நீரில் ஊற வைத்து, பிழிந்து, கையால் உதிர்த்துக் கொத்துக்கறி இடத்தில் போடுங்கள். சோயாவில் எடையில் பாதி புரதம். ஜிம் நண்பர் வாயே திறக்க மாட்டார்.

தொட்டுக்க என்ன?

கெட்டித் தயிரும் அப்பளமும் முதல் சாய்ஸ். அடுத்து ஊறுகாய். கொஞ்சம் டைம் இருந்தால் உருளைக்கிழங்கு வறுவல் அல்லது கத்திரிக்காய்ப் பொரியல். முட்டையை அவித்து, ரெண்டாக வெட்டி, மிளகும் உப்பும் தூவித் தோசைக்கல்லில் ஒரு புரட்டுப் புரட்டினால் ராஜ மரியாதை. எதுவுமே இல்லையென்றாலும் சோற்றின் நடுவில் ஒரு குழி பறித்து நெய் விட்டுச் சாப்பிடலாம்.

மிச்சமானால் அடுப்பு மேலேயே ராத்திரி முழுக்க விட்டுவிடாதீர்கள். வெந்த சோற்றிலும் தப்பிப் பிழைக்கும் பாக்டீரியா உண்டு. அறைச் சூட்டில் அது பெருகி விஷப்பொருளை உண்டாக்கும். மறுபடி சூடு பண்ணினாலும் அந்த விஷம் போகாது. ஆறியதும், ரெண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் ஒரு கரண்டி வெந்நீர் தெளித்துச் சூடு பண்ணினால் டிபன் பாக்ஸ் ரெடி. ஃபிரிட்ஜ் இல்லையென்றால் அந்தந்த வேளைக்கு அளவாகச் செய்துகொள்வதே நல்லது.

அண்ணன் தம்பிகள் ஊரெல்லாம் உண்டு

அரிசியும் பருப்பும் ஒன்றாக வேகும் சாப்பாடு நமக்கு மட்டும் சொந்தமில்லை. 14-ம் நூற்றாண்டில் இந்தியா முழுக்கச் சுற்றிய மொராக்கோ பயணி இபின் பதூதா, இங்கே மக்கள் அரிசியையும் பாசிப்பயறையும் சேர்த்து வேகவைத்து, நெய் போட்டுக் காலையில் சாப்பிடுகிறார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். அதுதான் வடக்கே இன்றைக்கும் இருக்கும் கிச்சடி. கர்நாடகாவில் பிசிபேளா பாத். எகிப்துக்குப் போனால் அரிசி, பருப்பு, மக்ரோனி எல்லாம் கலந்த கொஷாரி. அது தெருக்கடையில் எல்லோரும் வாங்கிச் சாப்பிடும் ஏழைபங்காளன். நம் வெண்பொங்கலும் இந்தக் குடும்பம்தான்.

ஒரு வித்தியாசம், கிச்சடியும் பிசிபேளா பாத்தும் ஹோட்டல் மெனுவுக்குப் போய்விட்டன. அரிசிம்பருப்பு பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டது. கல்யாணப் பந்தியில் போட மாட்டார்கள். விருந்தாளி வந்தால் 'இன்னைக்கு ஒண்ணும் இல்லீங்க, அரிசிம்பருப்புதான்' என்று சங்கடத்தோடு சொல்வார்கள். ஹோட்டலில் கிடைக்காத சாப்பாடு, வீட்டில் யாரும் கற்றுக்கொள்ளவில்லை என்றால் அந்தத் தலைமுறையோடு நின்றுவிடும். உங்கள் அம்மாயி போட்ட மிளகு அளவு, அப்பத்தா கடைசியில் சேர்த்த அந்த ஒரு ஸ்பூன் ஏதோ ஒன்று, இதெல்லாம் எந்த யூடியூப் சேனலிலும் இருக்காது.

அதனால் ஒரு சின்ன வேலை. இந்த வாரம் வீட்டுக்குப் பேசும்போது, 'சாப்பிட்டியா' என்று அவர்கள் கேட்பதற்கு முன்னால் நீங்கள் கேளுங்கள்: "நம்ம வீட்டு அரிசிம்பருப்புல என்னென்ன போடுவீங்க?" அவர்கள் சொல்லச் சொல்ல போன் நோட்ஸில் டைப் பண்ணுங்கள். ஊருக்குப் போகும்போது அவர்கள் சமைக்கையில் பக்கத்தில் நின்று, அந்தக் 'கைப்பிடி'யை டம்ளரில் கொட்டி அளந்து பாருங்கள். தங்கை மட்டும்தான் கேட்க வேண்டும் என்று சட்டம் இல்லை, அண்ணனும் கேட்கலாம்.

முதல் தடவை செய்யும்போது மேலே சொன்ன அளவிலேயே செய்யுங்கள். ரெண்டாவது தடவை உங்கள் அரிசிக்கும் உங்கள் குக்கருக்கும் ஏற்ற மாதிரி தண்ணீரை அரை டம்ளர் கூட்டிக் குறையுங்கள். மூணாவது தடவை டம்ளர் தேவைப்படாது, கை தானாக அளக்கும். அன்றைக்கு ரூம்மேட்டையும் பக்கத்து ரூம்காரரையும் சாப்பிடக் கூப்பிடுங்கள். கூட ரெண்டு பேர் வந்தால் இன்னொரு டம்ளர் அரிசி, இன்னும் கொஞ்சம் பருப்பு. அதிகச் செலவு 40 ரூபாயைத் தாண்டாது.